அரக்கி என்ற சொல்லுக்குள் உயரம் எப்போது வந்தது?

அரக்கி என்றதும் நமக்கு முதலில் தோன்றுவது உருவம்தான். பனை உயரம், கோரைப் பல், விரித்துப் போட்ட தலை, காலடி பட்டால் மரம் முறிகிற எடை. சிறுவர் கதைப் படங்களும் கூத்து ஒப்பனையும் தொலைக்காட்சித் தொடர்களும் சேர்ந்து இந்த உருவத்தை நம் மனத்தில் அழுத்தமாகப் பதித்துவிட்டன. அயல்மொழிக் கதைகளில் மலை போன்ற ஒரு பெண் வந்தால், மொழிபெயர்ப்பவர் கை தானாகவே 'அரக்கி' என்று எழுதிவிடுகிறது.

ஆனால் சொல்லின் வேர்ப்பக்கம் போய்ப் பார்த்தால் 'பெரிய' என்ற பொருள் எங்குமே அகப்படாது. காவல் அகப்படும், கேடு அகப்படும், இரவும் பசியும் மாயமும் அகப்படும். உயரம் மட்டும் இருக்காது. அது கதை சொன்னவர்கள் பிற்பாடு கொண்டுவந்து சேர்த்தது. சேர்த்த விதத்தில் ஆண் அரக்கனுக்கு ஒரு வழியும் பெண் அரக்கிக்கு வேறொரு வழியும் இருந்திருக்கின்றன.

காப்பதா, கெடுப்பதா?

அரக்கன், அரக்கி, இராக்கதன், ராட்சசி, ராட்சதன் என்று தமிழில் புழங்கும் வடிவங்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் வடமொழியின் 'ரக்ஷஸ்' என்ற சொல் நிற்கிறது. 'ரக்ஷ்' என்ற வினைக்குக் காத்தல் என்று பொருள். ரட்சிப்பது, ரட்சகன், ரட்சை எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். காக்கிறவனுக்கும் கடித்துத் தின்கிறவனுக்கும் எப்படி ஒரே வேர் இருக்க முடியும்? இந்தக் கேள்வி பழங்காலத்திலேயே கேட்கப்பட்டுவிட்டது. வேதச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய யாஸ்கர் தம் நிருக்தத்தில் ஒன்றுக்கு மூன்றாக விடை வைக்கிறார். எதனிடமிருந்து நம்மைக் காத்துக்கொள்ள வேண்டுமோ அது ரக்ஷஸ். அல்லது மறைவிடத்தில் கேடு செய்வது ரக்ஷஸ். அல்லது இரவில் வந்து சேர்வது ரக்ஷஸ். பின்னிரண்டும் ஒலியை வைத்து விளையாடும் விளக்கங்கள்தான். ஆனாலும் அந்தக் காலத்தில் இந்தச் சொல்லைக் கேட்டவர்களுக்கு என்ன தோன்றியது என்பது அவற்றில் தெரிகிறது: மறைவு, இரவு, கேடு.

இராமாயணத்தின் உத்தரகாண்டம் இதையே ஒரு கதையாக்குகிறது. பிரமன் நீரைப் படைத்தான், அதைக் காக்கச் சில உயிர்களைப் படைத்தான். பசியோடு வந்து நின்ற அவற்றிடம் 'காத்துக்கொள்ளுங்கள்' என்றான். 'ரக்ஷாம', அதாவது காப்போம் என்று சொன்னவர்கள் ராட்சசர் ஆனார்கள். 'யக்ஷாம' என்று சொன்னவர்கள் யட்சர் ஆனார்கள். சொல்லிலிருந்து கதையைப் பின்னியிருக்கிறார்கள் என்பது வெளிப்படை. இருந்தாலும் இந்தக் கதையை ஓரமாக வைத்துக்கொள்வது நல்லது. அரக்கியும் இயக்கியும் அக்கா தங்கை போலத் தமிழ் நாட்டுப்புறம் வரைக்கும் சேர்ந்தே வருவார்கள்.

இன்றைய ஒப்பீட்டு மொழியியலார் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார் காத்தல் என்ற வினையையே வேராகக் கொள்கிறார்கள். அந்த வினைக்குக் கிரேக்கத்தில் உறவுச் சொல் உண்டு. தடுத்துக் காப்பதைக் குறிக்கும் 'அலெக்ஸோ'. ஆண்களைக் காப்பவன் என்று பொருள்படும் அலெக்சாண்டர் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இந்தக் கணக்குப்படி பார்த்தால் தாடகைக்கும் அலெக்சாண்டருக்கும் தூரத்துச் சொந்தம்! இன்னொரு சாரார் இதை ஏற்பதில்லை. கேட்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் ரக்ஷஸ் என்பதன் வேர் வேறு, அதற்குச் சேதப்படுத்துதல் என்று பொருள், ஈரானியரின் அவெஸ்தா மொழியில் கேடு செய்வதைக் குறிக்கும் சொல்தான் அதற்கு உறவு என்கிறார்கள். எனக்கு இரண்டாவது கட்சிதான் வலுவாகப் படுகிறது. பயப்பட வேண்டிய ஒன்றுக்குப் பெயர் வைப்பவர்கள் அதன் செயலை வைத்துப் பெயரிடுவார்களே தவிர, தாங்கள் எடுக்க வேண்டிய தற்காப்பை வைத்துப் பெயரிடுவது அபூர்வம். எந்தக் கட்சியை ஏற்றாலும் ஒன்று மாறாது. இரண்டிலும் அளவு பற்றிய பேச்சே இல்லை.

ஆந்தையாய் அலைந்தவள்

சொல்லின் பழைய வாழ்க்கையைப் பார்க்க ரிக்வேதத்துக்குப் போக வேண்டும். அதன் 7ஆம் மண்டலத்தின் 104ஆம் பாடல் ரக்ஷஸ்களை விரட்டுவதற்காகவே பாடப்பட்டது. அதில் வருகிற கேடுகள் மலைபோல நிற்பவை அல்ல. ஆந்தையாக வரும், நாயாக வரும், கழுகாக வரும். அந்தப் பாடலில் ஒருத்தியும் வருகிறாள். இரவில் ஆந்தையைப்போல, தன் உடலை மறைத்துக்கொண்டு வஞ்சகத்தோடு அலைபவள் என்று அவளைப் பாட்டு சொல்கிறது. இன்னும் சில அடிகள் தள்ளி, ஆண் சூனியக்காரனையும் மாயத்தால் மேலோங்கும் பெண்ணையும் அழிக்கும்படி இந்திரனிடம் வேண்டுகிறது.

நம் அரக்கியின் மூதாதை இவள்தான். பாட்டு அவளைப் பற்றிச் சொல்லும் முக்கியமான செய்தி, அவள் உடம்பு கண்ணுக்குத் தெரியாது என்பது. பிற்காலத்து அரக்கி எங்கே நின்றாலும் தெரிகிறவள். பழையவளோ எங்கே இருக்கிறாள் என்று தெரியாததாலேயே பயமுறுத்தியவள்.

ரக்ஷஸுக்கு வழங்கிய மற்றப் பெயர்களும் இப்படித்தான். நிசிசரர் என்றால் இரவில் திரிபவர். யாதுதானர் என்றால் சூனியத்தோடு தொடர்புடையவர். கிரவ்யாதர் என்றால் பச்சை இறைச்சி உண்பவர். கம்பர் அடிக்கடி ஆளும் 'நிருதர்' என்ற சொல் நிருதி என்ற பெயரிலிருந்து பிறந்தது. வேதத்தில் நிருதி ஒரு பெண் தெய்வம், அழிவுக்கும் கேட்டுக்கும் உரியவள். ஒரு கூட்டம் முழுவதற்கும் தாய் பெயரால் பெயர் வழங்கியிருக்கிறது! பிற்காலத்தில் தென்மேற்குத் திசைக்குக் காவலாக நிருதியை வைத்தபோது அவளை ஆணாக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. இத்தனை பெயர்களில் ஒன்றுகூட 'பெரியவர்' என்று சொல்லவில்லை.

தமிழுக்குள் நுழைந்த வாசல்

தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. வெளியிலிருந்து வரும் சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தை வைத்துத்தான் உள்ளே விடுவோம். எந்த உயிர் என்பதற்கும் நன்னூல் விதி சொல்கிறது: ரகரத்துக்கு முன்னால் அ, இ, உ மூன்றும் வரலாம். ரங்கம் அரங்கம் ஆனது, ராமன் இராமன் ஆனான், ரோமம் உரோமம் ஆனது. நம் சொல்லுக்கு அதிர்ஷ்டம், இரண்டு வாசல் கிடைத்தது. அகரம் வழியாக வந்தவன் அரக்கன். இகரம் வழியாக வந்தவன் இராக்கதன்.

நடுவில் உள்ள 'க்ஷ' என்ன ஆயிற்று? பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல் வடமொழி எழுத்துகளுக்கு வரிசை எண் கொடுத்து, எது எதுவாக மாறும் என்று சுருக்கமாகச் சொல்கிறது. 35ஆம் எழுத்தான க்ஷ, சொல்லின் நடுவில் இரட்டைக் ககரமாகும். 32ஆம் எழுத்தான ஸ, சகரமாகவோ தகரமாகவோ ஆகும். மாசம் என்றும் மாதம் என்றும் நாம் இன்றுவரை இரண்டு விதமாகச் சொல்வது இந்த விதிப்படிதான். ராக்ஷஸன் என்பதை எடுத்துக்கொண்டு விதியைப் போட்டுப் பாருங்கள். முன்னால் இகரம், நடுவில் க்க, அடுத்து த. இராக்கதன் வந்து நிற்பான். எட்டு வகை மணங்களில் பெண்ணை வலிந்து கவர்ந்து செல்லும் மணத்துக்கு உரையாசிரியர்கள் 'இராக்கதம்' என்று பெயர் சொல்வது இந்த வடிவம்தான். செய்தித்தாள்களில் காணும் 'ராட்சத' என்ற எழுத்துக்கூட்டில் உள்ள தகரமும் அச்சுப்பிழை அல்ல. இதே விதியின் வாரிசு.

அரக்கி என்ற பெண்பால் வடிவத்துக்கு வடமொழியிடம் போக வேண்டியதே இல்லை. தலைவன் தலைவி, கிழவன் கிழவி என்ற வாய்பாட்டில் அரக்கன் அரக்கி. ராட்சசி மட்டும் வடமொழிப் பெண்பாலை அப்படியே கொண்டுவந்தது.

சங்கப் பாடல்களில் இந்தச் சொல் வந்துவிட்டது. புறநானூற்றின் 378ஆம் பாட்டில் ஊன்பொதி பசுங்குடையார், வலிமை மிக்க அரக்கன் சீதையைக் கவர்ந்து சென்றபோது நிலத்தில் விழுந்த நகைகளை எடுத்துக் கண்டபடி அணிந்துகொண்ட குரங்குக் கூட்டத்தைச் சொல்கிறார். சோழன் கொடுத்த அணிகலன்களை எங்கே போட்டுக்கொள்வது என்று தெரியாமல் விழித்த தம் சுற்றத்தாருக்கு அந்தக் குரங்குகளை உவமை காட்டிச் சிரிக்கிறார் புலவர். கலித்தொகையின் 38ஆம் பாட்டில் பத்துத் தலை அரக்கர் கோமான் மலைக்குக் கீழே கையைக் கொடுத்து எடுக்க முடியாமல் தவிக்கிறான். இரண்டிலும் அரக்கன் என்றால் இராவணன். தேவாரத்திலும் அப்படியே, சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டு பெரும்பாலும் அவனுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும், 'அரக்கன்' என்று சொன்னால் போதும், பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஆண்பால் சொல் தமிழில் ஏறக்குறைய ஓர் ஆளின் பெயராகவே குடியேறியது.

பெண்பால் சொல்லுக்கு அந்த வசதி இல்லை. அதற்குப் பல முகங்கள். குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் சூர்ப்பணகையைச் சொல்லும்போது 'கலைவணக்கு நோக்கரக்கி' என்கிறார். மானையும் தோற்கடிக்கும் பார்வையுடைய அரக்கி என்று பொருள். மூக்கறுபடப் போகிறவளுக்கு இப்படி ஓர் அடைமொழி! பூதமாகவும் கோரமாகவும் மட்டுமே அரக்கியைப் பார்க்கப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும். ஆழ்வாருக்கு அதில் முரண் ஒன்றும் தெரியவில்லை.

பூதனை கதையோ இன்னும் சுவையானது. கண்ணனுக்கு நஞ்சுப் பால் கொடுக்க வந்தவளைப் பாகவதம் ராட்சசி என்கிறது. அவள் செத்து விழுந்தபோது மூன்று கவ்யூதி (பழைய தூர அளவு) தூரத்து மரங்கள் நொறுங்கின என்று அளவும் சொல்கிறது. தமிழில் ஆழ்வார்கள் அவளைப் பேய், பேய்ச்சி என்றே பாடுவார்கள். திருப்பாவையில் 'பேய்முலை நஞ்சுண்டு' என்று ஓரிடம், 'பொல்லா அரக்கனைக் கிள்ளிக் களைந்தானை' என்று இன்னோரிடம். ஒரே நூலில் இராவணனுக்கு அரக்கன், பூதனைக்குப் பேய். குழந்தைக்குக் கேடு செய்யும் பெண் என்றால் தமிழ் மனம் வெளியிலிருந்து வந்த சொல்லைத் தேடவில்லை. பேய் என்ற பழைய சொல் கைவசம் இருந்தது.

இரக்கமும் அரக்கும்

அரக்கர் என்ற சொல்லுக்குத் தமிழிலேயே வேர் காட்ட முயன்றவர்களும் உண்டு. செந்நிறத்தைக் குறிக்கும் அரக்கு என்பதிலிருந்து சிவந்த முடி உடையவர் என்று ஒரு விளக்கம். தேய்த்து அழுத்துவதைக் குறிக்கும் 'அரக்குதல்' என்ற வினையிலிருந்து, பிறரை நசுக்குபவர் என்று இன்னொரு விளக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் சங்கப் பாட்டிலேயே இந்தச் சொல் இராமாயணக் கதையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. கதை வந்த வழியில்தான் சொல்லும் வந்தது என்று கொள்வதே நியாயம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் ரக்ஷஸையே மூலமாகக் காட்டுகிறது.

20ஆம் நூற்றாண்டில் திராவிட இயக்கத்தார் இராமாயணத்தை எதிர்த்துப் படித்தபோது, அரக்கர் என்பது தென்னாட்டாருக்கு வடவர் வைத்த வசைப்பெயர் என்ற வாதம் பலமாக எழுந்தது. அது இந்தச் சொல் யார் மேல் ஒட்டப்பட்டது என்பது பற்றிய வாதம். சொல் எங்கே பிறந்தது என்பது தனிக் கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் வேர்ச்சொல் ஆராய்ச்சி அடிதடியில் முடிகிறது.

மக்கள் மத்தியில் நிலைத்த விளக்கம் இவை எதுவும் இல்லை. இரக்கம் இல்லாதவன் அரக்கன், அவ்வளவுதான். ஓசை தந்த விளக்கம். கம்பரே இந்த எதுகையைக் கையாண்டிருக்கிறார்: 'இரக்கம் என்று ஒரு பொருள் இலாத நெஞ்சினர், அரக்கர் என்று உளர் சிலர்.' தண்டக வனத்து முனிவர்கள் இராமனிடம் முறையிடும் இடம் அது. மொழியியல்படி இரக்கத்துக்கும் அரக்கருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் தமிழில் 'அரக்கி' என்று திட்டும்போது உயரத்தையோ எடையையோ நினைத்துத் திட்டுவதில்லையே, ஈரமற்ற நெஞ்சைத்தான் திட்டுகிறோம். அந்தப் பொருளுக்கு இந்த எதுகை பெரிய துணை.

சரி, உயரம் எங்கிருந்து வந்தது?

இதிகாசங்களில் இருந்து. வேதத்து ரக்ஷஸ் மறைந்து தாக்கும் கேடு. அதை ஒரு வீரன் வில்லெடுத்து எதிர்க்க வேண்டும் என்றால் அதற்கு ஓர் உடம்பு வேண்டும். வீரனின் பெருமை உயர வேண்டும் என்றால் அந்த உடம்பு பெரிதாகவும் இருக்க வேண்டும். காவியத்தின் தேவை இது.

வான்மீகி தாடகையை அறிமுகப்படுத்தும்போது அளவில் மிகப் பெருத்தவள், ஆயிரம் யானை பலம் உடையவள் என்கிறார். பிறப்பால் அவள் அரக்கியே அல்ல என்பது பலர் மறந்துவிடும் செய்தி. சுகேது என்ற யட்சனின் மகள், அழகி. அகத்தியரின் சாபத்தால் அரக்கியானவள். முன்னே சொன்ன காப்போம் கதை இங்கே நினைவுக்கு வர வேண்டும்: யட்சர் பக்கமிருந்து ராட்சசர் பக்கத்துக்கு ஒரு சாபத்தில் தள்ளிவிடலாம், இடையில் அவ்வளவுதான் தூரம்.

வான்மீகி ஓர் அடைமொழியில் முடித்ததைக் கம்பர் விரித்த அழகே தனி. 'சிலம்புகள் சிலம்பிடை செறித்த கழலோடும் நிலம் புக மிதித்தனள்' என்று தாடகை வருகிறாள். சிலம்பு என்றால் கால் அணி, சிலம்பு என்றால் மலையும்தான். மற்றப் பெண்களின் சிலம்புக்குள் பரல் இருக்கும். இவள் சிலம்புக்குள் மலைகளையே பரலாக அடைத்திருக்கிறாள். மிதித்த இடம் குழியாகிறது, குழிக்குள் கடல்நீர் பாய்கிறது, எமன் பயந்து குகைக்குள் ஓடுகிறான், மலைகள் அவள் பின்னாலேயே பெயர்ந்து வருகின்றன. நான்கே அடி. உயரம் இத்தனை காதம் என்று ஓர் எண்கூடக் கம்பர் சொல்லவில்லை. அவள் நடந்ததால் நிலத்துக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் சொல்கிறார். அந்த அளவு எந்த எண்ணிலும் அடங்காது. தமிழில் அரக்கி என்ற சொல்லுக்கு உயரம் வந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன்.

அதே இடத்தில் இராமன் அம்பு தொடுக்காமல் தயங்குகிறான். 'பெண் என மனத்திடைப் பெருந்தகை நினைந்தான்.' மலையைச் சிலம்பில் அடைத்தவள் என்றாலும் பெண்தானே என்ற தயக்கம். ஆண் அரக்கர் எவர் முன்னும் இந்தத் தயக்கம் வரப்போவதில்லை. விசுவாமித்திரர் நீளமாக வாதாடி அவனைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருக்கிறது. பிரம்மாண்டமான பெண்ணுடல் காவியத்துக்கே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது என்பது இதில் தெரிகிறது: கொல்லும் அளவுக்கு அவளைப் பெரிதாக்கியாக வேண்டும், எவ்வளவு பெரிதாக்கினாலும் அவள் பெண் என்பது மறையாது.

சுந்தரகாண்டத்தில் உயரம் ஒரு போட்டியாகவே மாறுகிறது. கடலைத் தாண்டும் அனுமனை வழிமறிக்கும் சுரசை உண்மையில் நாகங்களின் தாய். சோதனைக்காக ராட்சசி வடிவம் எடுத்து வருகிறாள். அவள் வாயை யோசனை என்ற பழைய தூர அளவுக் கணக்கில் அகட்டுகிறாள், அனுமன் உடலை யோசனைக் கணக்கில் வளர்க்கிறான். பத்து, இருபது என்று ஏறி அவள் வாய் நூறு யோசனை ஆனதும் அனுமன் கட்டைவிரல் அளவாகச் சுருங்கி, வாய்க்குள் போய் வெளியே வந்துவிடுகிறான். அடுத்து வரும் சிம்மிகை நிழலைப் பிடித்து இழுப்பவள். கம்பர் அவளுக்கு அங்காரதாரை என்று பெயர் வைக்கிறார். கவனித்துப் பார்த்தால் இவர்களுக்கு நிலையான உயரமே கிடையாது. காமரூபிணி, நினைத்த வடிவம் எடுப்பவள் என்பதுதான் அரக்கிக்கு வான்மீகியும் வியாசரும் தரும் பொதுவான அடைமொழி. பெரிதாவது அவள் செய்யக்கூடிய பலவற்றில் ஒன்று. கம்பரின் சூர்ப்பணகை 'பஞ்சி ஒளிர்' என்ற அந்தப் புகழ்பெற்ற சந்தத்தில் அசைந்து வருவாளே, அவளும் அரக்கிதான். பெயரில் மட்டும் முறம் போன்ற நகம் மிச்சமிருக்கிறது.

மகாபாரதத்தின் இடிம்பி இந்த வரிசையில் எனக்குப் பிடித்தவள். அண்ணன் அனுப்பிப் பாண்டவர்களைத் தின்ன வந்தவள், காவலிருந்த வீமனைக் கண்டு மனம் மாறி, பெண்ணுரு எடுத்து அவனையே மணக்கிறாள். பிறந்த கடோற்கசன் போரில் சாகும்போது உடலைப் பெருக்கிக்கொண்டு விழுந்து எதிரிப் படையில் அக்குரோணி என்ற ஒரு பெரும் பிரிவையே நசுக்கினான். பேருடலின் பெருமையைக் கதை மகனுக்குக் கொடுத்துவிட்டது. தாய்க்கு அதைக் கொடுக்கவில்லை. இமாசலத்தின் மணாலியில் இடிம்பிக்கு 1553இல் கட்டிய மரக்கோயில் இருக்கிறது. அங்கே அவள் அரக்கி அல்ல, தேவி.

இயக்கிக்கும் இதே போன்ற பயணம்தான். நன்னூலின் அதே விதி யகரத்துக்கு முன் இகரம் வைக்கிறது. யக்ஷி இயக்கி ஆனாள். சிலப்பதிகாரத்தில் மாதரி 'பூங்கண் இயக்கி'க்குப் பால்மடை கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் கண்ணகியைச் சந்திக்கிறாள். நெல்லை, குமரி வட்டாரங்களில் அந்த இயக்கி இசக்கியாகிக் கையில் பிள்ளையோடு நிற்கிறாள். இலங்கையில் மகாவம்சம் சொல்லும் குவேணியும் ஓர் இயக்கி. இளவரசன் விசயன் முன்னால் பதினாறு வயதுப் பெண்ணாக வடிவெடுத்து வந்து நின்றவள் அவள். 1917இல் பாட்னா அருகே திதார்கஞ்சில் கிடைத்த பழைய யட்சி சிலை ஏறக்குறைய ஆளுயரம்தான். 1969இல் கானாயி குஞ்ஞிராமன் பாலக்காட்டு மலம்புழாவில் செய்த யட்சி 30 அடி. உயரம் பின்னால் வந்தது என்பதை இந்த இரண்டு சிலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே காட்டிவிடலாம்.

மற்ற நாட்டுப் பெரியவர்கள்

இது நம் ஊர்ச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. ஆங்கிலத்தின் ஜெயன்ட் என்ற சொல் கிரேக்கத்தின் கிகாஸ் என்பதிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக வந்தது. ஜெயன்டஸ் என்பது அதற்கு வால் சேர்த்த பெண்பால். பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் சொல்லும் கதையில் வான தேவனின் குருதி பூமித்தாய் மேல் சிந்தியதில் பிறந்தவர்கள் இந்தக் கிகாஸ் கூட்டத்தார். பெயருக்கு மண்ணில் பிறந்தவர் என்றே பழைய கிரேக்கர் பொருள் சொல்லிக்கொண்டார்கள்.

வட ஐரோப்பிய நார்ஸ் மொழியில் யோட்டுன் என்ற சொல். உண்ணுதல் என்ற வினையோடு அதைச் சேர்த்து, பெருந்தீனிக்காரர் என்ற பொருள் இருந்திருக்கும் என்று மொழியியலார் பலர் கருதுகிறார்கள். அந்தக் குலத்துப் பெண்களுக்குக் கீக்ர் என்று தனிச் சொல்லும் உண்டு. ஆனால் அந்தக் குலத்தில் பிறந்த கெர்த் தன் கைகளின் ஒளியாலேயே ஒரு தேவனை மயக்கியவள். ஸ்காதி, தன் தந்தையைத் தேவர்கள் கொன்றதற்குப் பழிவாங்க ஆயுதம் தரித்துத் தேவருலகுக்குப் போய், கடைசியில் பாதங்களை மட்டும் பார்த்து ஒரு தேவனைக் கணவனாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டவள். இவர்களைத் தமிழில் 'அரக்கி' என்று எழுதினால், படிப்பவர் உடனே இரக்கமற்ற ஒருத்தியை எதிர்பார்ப்பார். கதையோ வேறு திசையில் போகும்.

எபிரேயத்திலும் இதே கதை. ஆதியாகமத்தின் 6ஆம் அதிகாரத்தில் வரும் நெபிலிம் என்ற சொல்லை விழுதல் என்ற வினையோடு சேர்ப்பார்கள். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கிகாஸ் ஆக்கினார்கள். தமிழ் வேதாகமம் 'அந்நாட்களில் இராட்சதர் பூமியிலே இருந்தார்கள்' என்றது. எண்ணாகமத்தில் ஏனாக்கின் குமாரரைக் கண்டு வந்த ஒற்றர்கள் அந்த இராட்சதர் முன்னால் தாங்கள் வெட்டுக்கிளிகளைப்போல இருந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே இரவில்லை, மாயமில்லை. உடம்பின் அளவு மட்டும்தான். தமிழ்ச் சொல் ஒன்று முழுக்க முழுக்கப் பெரியவர் என்ற பொருளில் வேலை செய்யத் தொடங்கியது இதுபோன்ற மொழிபெயர்ப்புகளில்தான்.

அதற்கப்புறம் பத்திரிகைத் தமிழ் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ராட்சத அலை, ராட்சத கிரேன், ராட்சத பலூன், ராட்சத ராட்டினம். பலூனுக்கு யாரும் கொடூர குணம் கற்பிப்பதில்லை. 'அரக்க பலூன்' என்று எழுதினால் சிரிப்பார்கள். அதே சமயம் சகரம் போட்ட ராட்சசி மனிதர் பக்கம் நின்றுகொண்டாள். கோபத்தில் திட்டவும் அவள்தான், அடம்பிடிக்கும் மகளையும் விடாப்பிடியான காதலியையும் செல்லமாகக் கூப்பிடவும் அவள்தான். அரக்கி மட்டும் செல்லத்துக்கு வரவில்லை. அந்த எதுகை அவளை விடவில்லை போலும்.

ஆகவே வெறும் பேருருவம் கொண்ட ஒரு பெண்ணை, அவள் நல்லவளா கெட்டவளா என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதாமல் தமிழில் சொல்ல வேண்டும் என்றால் நான் 'ராட்சதப் பெண்' என்றுதான் எழுதுவேன். கொஞ்சம் செய்தித்தாள் வாடை அடிக்கும், உண்மைதான். சிறுவர் கதையாக இருந்தால் 'பூதப்பெண்' பொருந்தும். பூதாகாரம் என்ற சொல்லில் அளவு ஏற்கெனவே இருக்கிறது, சதுக்கப்பூதம் போலக் காவல் காக்கும் நல்ல பூதங்களும் தமிழில் உண்டு. அரக்கியைத் தாடகைக்கும் அவள் கூட்டத்துக்கும் விட்டுவிடலாம்.